பிராஞ்ச் பிரிப்பதிலிருந்து ரிலீஸ் வரை: சின்னக் குழுவுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதுவது மாங்கூழ் ஆலைகளுக்கான மென்பொருள். எடைமேடையில் லோடு ஏறியதும் ரசீது அடிக்கும், விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கில் ஏற்றும். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் வாரங்களில் ஆலை வாசலில் டிராக்டரும் மினி லாரியும் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். அப்போது ரசீது நின்றால் வண்டி நகராது, பழம் வெயிலில் கிடக்கும்.

ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் ஒருவரோ இருவரோ புதிதாகச் சேருகிறார்கள். கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கட்டளைகள் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் எல்லாரும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளில் சிஐ கருவியாக (நிரல் மாறும் ஒவ்வொரு முறையும் பில்ட்டையும் டெஸ்ட்டையும் தானாக ஓட்டுவது) கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வரும். கிட்லேப், ஜென்கின்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுவேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் மென்பொருளை ஒரே கட்டளையில் பில்ட் செய்ய முடிய வேண்டும், ஒரே கட்டளையில் டெஸ்ட் ஓட்ட முடிய வேண்டும். "இந்தக் கோப்பை காப்பி பண்ணு, அப்புறம் அந்த ஃபோல்டரை அழி" என்று ஒருவர் வாயால் சொல்லித்தரும் நிலையில் சிஐ அமைத்தால், அந்த வாய்மொழி எல்லாம் சிஐயின் யாமல் அமைப்புக் கோப்புக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கே உடைந்தால் யாராலும் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியாது.

சார்பு நூலகங்களின் லாக் கோப்பு (எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்ற பட்டியல்) ரெப்போவுக்குள் (நிரல் சேமிப்பகம்) இருக்க வேண்டும். என்பிஎம் பயன்படுத்துபவர்கள் சிஐ எந்திரத்தில் 'என்பிஎம் இன்ஸ்டால்' கொடுக்காமல் 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். அது லாக் கோப்பில் உள்ள பதிப்பை மட்டுமே இறக்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

டெஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பணம் தொடும் இடங்களில் 20 நல்ல டெஸ்ட் இருந்தால் தொடங்கலாம். லோடு எடையில் காலி வண்டி எடையைக் கழிப்பது, கழிவுப் பிடித்தம், அன்றைய விலையால் பெருக்குவது: நாங்கள் தொடங்கியது இவ்வளவோடுதான்.

கடவுச்சொல், டேட்டாபேஸ் சாவி எதுவும் ரெப்போவில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருந்தால், அடுத்த கமிட்டில் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) அழித்துவிட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பழைய கமிட்டில் அது அப்படியேதான் இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றிவிட்டு, புதியதை சிஐயின் ரகசியப் பெட்டகத்தில் வையுங்கள்.

2. சிஐயை முதலில் மெயினில் ஓட விடுங்கள்

பிராஞ்ச் விதிகள் போடுவதற்கு முன்பே, இப்போது உள்ள மெயின் பிராஞ்சில் (எல்லாருடைய வேலையும் வந்து சேரும் முதன்மைக் கிளை) சிஐயை ஓட்டுங்கள். முதல் நாளே சிவப்பு வரும், அதாவது பில்ட்டோ டெஸ்ட்டோ தோற்கும்; எல்லாம் தேறினால் பச்சை. விதியைப் போட்ட பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்தால் எல்லாருடைய வேலையும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். அதனால் இதைத் தனியாக, பொறுமையாக முடித்துவிடுங்கள்.

வரும் பிழைகள் பெரும்பாலும் உங்கள் லேப்டாப்புக்கும் சிஐ எந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வருபவை. நம் ஊரில் பலரும் எழுதுவது விண்டோஸில், சிஐ ஓடுவது உபுண்டு லினக்ஸில். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, உபுண்டு 'கோப்பே இல்லை' என்று சொல்லும். வரி முடிவுக் குறிகளும் இப்படித்தான். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் அங்கே ஓடாது. ரெப்போவில் 'கிட்-அட்ரிபியூட்ஸ்' கோப்பு வைத்து ஸ்கிரிப்ட்களுக்கு லினக்ஸ் வரி முடிவைக் கட்டாயமாக்கிவிடுங்கள்.

மூன்றாவது வேறுபாடு நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்களுக்குப் பெரிய விலை கொடுத்துப் புரிந்தது இது.

சிஐ எந்திரத்தின் கடிகாரம் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். 11ஆம் தேதி அதிகாலை 2.10க்கு எடைமேடை ஏறும் லோடு, யுடிசி கணக்கில் 10ஆம் தேதி இரவு 8.40. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதற்கு ஒரு டெஸ்ட் எழுதியிருந்தார். லேப்டாப்பில் பச்சை, சிஐயில் சிவப்பு. "அண்ணா, என் லேப்டாப்பில ஓடுதே, சிஐ டைம்ஸோன்தான் தப்பு" என்றார். சிஐ எந்திரத்தின் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரு வரி சேர்த்தார், பச்சை வந்தது, நானும் சரி என்று மெர்ஜ் செய்தேன் (மெயினில் சேர்த்தேன்).

எங்கள் சர்வரும் யுடிசியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜூனில், நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5.30க்கும் இடையில் வந்த லோடுகளுக்கெல்லாம் முந்தைய நாள் தேதி விழுந்தது. தேதி மாறினால் விலை மாறும். சந்தூர்ப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் விழித்து லோடு கொண்டுவந்தவருக்கு முந்தைய நாள் விலையில் கணக்கு ஏறியது.

சிஐ சொன்னது உண்மை. நாங்கள் அதன் வாயை அடைத்தோம். செய்திருக்க வேண்டியது, ரசீதுத் தேதியைக் கணக்கிடும் இடத்தில் 'கொல்கத்தா நேரம்' என்று நிரலிலேயே வெளிப்படையாகச் சொல்வது. இப்போது அப்படித்தான் இருக்கிறது, சிஐ யுடிசியிலேயே ஓடுகிறது. அதனால் சிவப்பு வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி: சர்வரில் இதே நிலைமை இருக்கிறதா? இருந்தால் நிரலை மாற்றுங்கள், சிஐயை மாற்றாதீர்கள்.

3. அப்புறம் மெயினைப் பூட்டுங்கள்

மெயின் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பச்சையாக இருந்த பிறகு பாதுகாப்பு விதி போடுங்கள். நேரடியாக புஷ் செய்ய முடியாது, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கை) வழியாகத்தான் வர வேண்டும், சிஐ பச்சை இல்லாமல் மெர்ஜ் பட்டன் திறக்காது. இந்த மூன்றும் போதும்.

கிட்ஹப்பில் கட்டாயச் சோதனையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க, அந்தச் சோதனை அண்மையில் ஒரு முறையாவது ஓடியிருக்க வேண்டும். இரண்டாம் படியை முன்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, தனியார் ரெப்போவுக்கு கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் இந்தப் பூட்டு கிடைக்காது, கட்டணத் திட்டம் வேண்டும்.

நிர்வாகிகளுக்கும் விதி பொருந்தும்படி வையுங்கள். பூட்டை எப்போதாவது தாண்டுபவர் பெரும்பாலும் குழுவில் மூத்தவர்தான். இரவு 11 மணிக்கு, அவசரத்தில், 'ஒரு வரி மாற்றம்தானே' என்று தாண்டுவார். உடைவதும் அந்த ஒரு வரியில்தான்.

4. வேலைக்கான பிராஞ்ச்: இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்

மெயினை முதலில் புல் செய்துவிட்டு, அதிலிருந்து பிராஞ்ச் பிரியுங்கள். போன வாரத்து மெயினிலிருந்து பிரித்துவிட்டு கான்ஃபிளிக்ட் (ஒரே இடத்தில் இருவர் மாற்றமும் மோதுவது) வருகிறதே என்று திணறுவது புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பிராஞ்ச் நீண்ட நாள் இருந்தால், மெர்ஜ் செய்யும் வேலை எழுதும் வேலையைவிடப் பெரிதாகிவிடும். இரண்டு நாளில் முடியாத அம்சமாக இருந்தால் துண்டாக உடையுங்கள். பாதி முடிந்த அம்சத்தை மெயினில் சேர்க்கலாம், அதை ஒரு சுவிட்சுக்குப் பின்னால் அணைத்து வையுங்கள். எங்கள் 'தவணைப் பட்டுவாடா' திரை ஆறு வாரம் மெயினில் அணைந்தே கிடந்தது. ஒவ்வொரு நாளும் சிஐ அதைச் சோதித்தது, எந்த ஆலைக்காரர் கண்ணிலும் அது படவில்லை.

5. மெர்ஜ்: இரண்டு பச்சை சேர்ந்து ஒரு சிவப்பு ஆகலாம்

ஒருவர் தன் பிராஞ்சில் நிகர எடை கணக்கிடும் ஃபங்ஷனின் பெயரை மாற்றினார். அதே நாளில் இன்னொருவர் புதிய கோப்பு ஒன்றில் பழைய பெயரை அழைத்தார். இரண்டு புல் ரிக்வெஸ்ட்டும் தனித்தனியாகப் பச்சை. இருவரும் வேறு வேறு கோப்பைத் தொட்டதால் கிட்டுக்கு கான்ஃபிளிக்டும் தெரியவில்லை. இரண்டும் மெர்ஜ் ஆனதும் மெயின் உடைந்தது.

இதைத் தடுக்க, 'மெர்ஜ் செய்யும் முன் பிராஞ்ச் மெயினோடு சமமாக இருக்க வேண்டும்' என்ற விதியை இயக்குங்கள். இரண்டாவது ஆள் மெயினைத் தன் பிராஞ்சுக்குள் இழுத்து மறுபடி சிஐ ஓட்ட வேண்டியிருக்கும். கொஞ்சம் காத்திருப்பு கூடும், ஐந்து பேர் குழுவுக்கு அது தாங்கக்கூடியதே.

மெர்ஜ் செய்யும்போது நாங்கள் ஸ்குவாஷ் முறையில் செய்கிறோம். ஒரு புல் ரிக்வெஸ்ட், மெயினில் ஒரே கமிட். ஏன் என்பது பத்தாம் படியில் புரியும். இதில் ஒரு எச்சரிக்கை: ஸ்குவாஷ் ஆன பிராஞ்சிலேயே அடுத்த வேலையைத் தொடராதீர்கள். உங்கள் பழைய கமிட்டுகளும் மெயினில் உள்ள ஸ்குவாஷ் கமிட்டும் ஒன்றேதான் என்று கிட்டுக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய வரிகளோடே உங்களுக்கு கான்ஃபிளிக்ட் வரும். அந்த பிராஞ்சை அழித்துவிட்டு மெயினிலிருந்து புதிதாகப் பிரியுங்கள்.

6. ரிலீஸ் பிராஞ்சை எப்போது பிரிப்பது

தினமும் வெளியிடும் இணையதளமாக இருந்தால் இந்தப் படியே வேண்டாம், மெயினில் டேக் (ஒரு கமிட்டுக்கு வைக்கும் பதிப்புப் பெயர்) போட்டு அனுப்பிவிடலாம். எங்களைப் போல வாடிக்கையாளரிடம் ஒரு பதிப்பு மாதக்கணக்கில் ஓடுகிறது, அதற்குத் திருத்தம் மட்டும் போக வேண்டும் என்றால் ரிலீஸ் பிராஞ்ச் தேவை.

சீசனுக்கு மூன்று வாரம் முன்பு, மெயினிலிருந்து 'ரிலீஸ் 2.4' பிரிக்கிறோம். அதற்குப் பிறகு அதில் புது அம்சம் எதுவும் நுழையாது, பிழைத்திருத்தம் மட்டும். மெயினில் வழக்கம்போல் புது வேலை நடக்கும். புது அம்சத்துக்காகப் பிரிக்கும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். அது 2.5இல் போகட்டும்.

பிரித்த அன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, மெயினுக்குப் போட்ட பூட்டை ரிலீஸ் பிராஞ்சுகளுக்கும் போடுங்கள். இரண்டு, சிஐ கோப்பில் எந்தெந்த பிராஞ்சுக்கு ஓட வேண்டும் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே 'மெயின்' மட்டும் இருக்கும். ரிலீஸ் பிராஞ்சில் சிவப்பே வரவில்லை என்று மகிழ்ந்திருப்போம், உண்மையில் அங்கே சிஐ ஓடியே இருக்காது.

7. டேக் போடுவது

எந்தக் கமிட்டிலிருந்து ரிலீஸ் போனது என்பதற்கு டேக்தான் சாட்சி. குறிப்புரையோடு கூடிய டேக் போடுங்கள். யார், எப்போது போட்டார் என்பது அதில் பதிவாகும், வெறும் டேக்கில் ஆகாது. 2.4.0 முதல் ரிலீஸ். திருத்தம் போனால் கடைசி எண் ஏறி 2.4.1. புது அம்சம் வந்தால் நடு எண். பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் என்றால் முதல் எண்.

சாதாரண புஷ் டேக்கைக் கொண்டுபோகாது. அதைத் தனியாக புஷ் செய்ய வேண்டும். 'டேக் போட்டேன், பில்ட் ஓடவே இல்லை' என்று யாராவது வந்தால் முதலில் இதைப் பாருங்கள். டேக்கை ஒரு ஆக்‌ஷன்ஸ் வேலையே போடுகிறது என்றால் வேறு காரணம் இருக்கும். அதன் இயல்பான டோக்கனால் (அந்த வேலைக்கு கிட்ஹப் தரும் அனுமதிச் சாவி) தள்ளிய டேக், இன்னொரு வேலையைத் தூண்டாது.

பதிப்பு எண்ணை 'கிட் டிஸ்கிரைப்' (அருகிலுள்ள டேக்கின் பெயரைச் சொல்லும் கட்டளை) மூலம் எடுப்பவர்களுக்கு இன்னொரு குழி உண்டு. ஆக்‌ஷன்ஸின் செக்கவுட் (ரெப்போவை இறக்கும் படி) கடைசிக் கமிட் ஒன்றை மட்டும்தான் இறக்கும், பழைய டேக்குகள் வராது. ஆழத்தை 0 என்று கொடுத்தால் முழு வரலாறும் இறங்கும்.

போட்ட டேக்கை நகர்த்தாதீர்கள். 2.4.0இல் ஒரு எழுத்துப்பிழை இருந்தாலும் 2.4.1 போடுங்கள். நகர்த்தினால் ஏற்கெனவே இழுத்தவர் கணினியில் ஒரு 2.4.0, சர்வரில் வேறொரு 2.4.0. பிழை வரும் நாளில் இரண்டு பேர் வேறு வேறு நிரலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

8. ஒரு முறை பில்ட், எல்லா இடத்துக்கும் அதே

டேக்கிலிருந்து ஒரே ஒரு முறை பில்ட் செய்யுங்கள். சோதனைச் சர்வரில் ஓடிய அதே கோப்புதான் ஆலைக்கும் போக வேண்டும். சோதனைக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று என்று இரண்டு முறை பில்ட் செய்தால், நீங்கள் சோதித்ததும் அனுப்பியதும் ஒன்றுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆலைக்கு ஆலை மாறும் அமைப்புகள் வெளியே தனிக் கோப்பில் இருக்கட்டும்.

அந்தக் கோப்பை ஆக்‌ஷன்ஸிலேயே விட்டுவிடாதீர்கள். வேறு எதுவும் சொல்லாவிட்டால் 90 நாளில் அது அழிந்துவிடும். மூன்று மாதம் ஓடும் சீசனின் கடைசியில் பழைய பதிப்பைத் தேடினால் கிடைக்காது. கிட்ஹப் ரிலீஸ் பக்கத்தில் இணைத்து வையுங்கள்.

9. ஆலைக்கு அனுப்பும் வரிசை

முதலில் பேக்கப். அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அப்புறம் டேட்டாபேஸ் மாற்றம், அப்புறம் நிரல். டேட்டாபேஸ் மாறிய பிறகும் பழைய நிரல் அதன் மேல் ஓட வேண்டும் என்பதே இங்கே விதி. நெடுவரிசைப் பெயரை மாற்ற வேண்டும் என்றால் ஒரே ரிலீஸில் மாற்றாதீர்கள். இந்த ரிலீஸில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள், பழைய வரிகளை புதியதில் நிரப்புங்கள். அடுத்த ரிலீஸில் புதியதிலிருந்து மட்டும் படியுங்கள், எழுதுவது இரண்டிலும் தொடரட்டும். அதற்கும் அடுத்ததில் பழையதில் எழுதுவதை நிறுத்துங்கள், அதற்குப் பிறகு வரும் ரிலீஸில் பழையதை நீக்குங்கள். மெதுவாகத் தெரியும், ஆனால் எந்தக் கட்டத்திலும் ஒரு படி பின்னால் போகலாம். பெயரை நேரடியாக மாற்றிவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

எல்லா ஆலைக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். வரத்து குறைவாக உள்ள ஓர் ஆலைக்கு முதலில் அனுப்பி, ஒரு முழு இரவு ஓடட்டும். இரவு என்று சொல்வதற்குக் காரணம் இரண்டாம் படியில் இருக்கிறது.

10. சீசன் நடுவில் பிழை வந்தால்

அந்தத் தேதிப் பிழைக்கு மறுபடி வருகிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்து ஆலையிலிருந்து அழைப்பு வந்ததும் ரிலீஸ் பிராஞ்சில் நேராகத் திருத்தி, டேக் போட்டு, விடிவதற்குள் அனுப்பினோம். கணக்கைச் சரிசெய்தோம், எல்லாரும் தூங்கப் போனோம். திருத்தத்தை மெயினில் சேர்க்க யாருக்கும் நினைவு இல்லை. அடுத்த பெரிய ரிலீஸை மெயினிலிருந்து பிரித்தபோது அதே பிழை மறுபடி ஆலைக்குப் போனது. ஒரு பிழைக்கு மன்னிப்புக் கேட்கலாம். அதே பிழைக்கு இரண்டாம் முறை கேட்பது கடினம்.

அதன் பிறகு எங்கள் வரிசை இது. முதலில் பிழையைப் பிடிக்கும் டெஸ்ட் எழுதி, அது சிவப்பாவதைப் பாருங்கள். திருத்தத்தை மெயினில் புல் ரிக்வெஸ்ட்டாகப் போடுங்கள். மெர்ஜ் ஆனதும் அந்த ஒரு கமிட்டை ரிலீஸ் பிராஞ்சுக்கு செர்ரி-பிக் செய்யுங்கள் (அதை மட்டும் நகலெடுத்துச் சேர்ப்பது). ஸ்குவாஷ் செய்வதன் பலன் இங்கேதான்: எடுக்க வேண்டியது ஒரே கமிட். செர்ரி-பிக்கோடு 'எக்ஸ்' விருப்பத்தையும் கொடுத்தால், மூலக் கமிட்டின் எண் செய்தியில் தானாகச் சேரும். ஆறு மாதம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று தேடும்போது அது உதவும். ரிலீஸ் பிராஞ்சில் சிஐ பச்சை ஆனதும் 2.4.1 டேக்.

மெயினை முன்னால் வைத்தால் மறதிக்கு இடமில்லை. ரிலீஸ் பிராஞ்சில் திருத்தம் சேரவில்லை என்றால் ஆலைக்காரர் உடனே நினைவூட்டிவிடுவார். மெயினில் சேரவில்லை என்றால் அடுத்த சீசன் வரை யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

விதிவிலக்கு ஒன்று. பிழை உள்ள நிரல் மெயினில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தால் ரிலீஸ் பிராஞ்சில் மட்டும் திருத்தலாம். அப்போது 'மெயினில் ஏன் தேவையில்லை' என்ற காரணத்தைப் புல் ரிக்வெஸ்ட்டில் எழுதுங்கள்.

ரிலீஸ் பிராஞ்சை மெயினுக்குள்ளோ மெயினை ரிலீஸ் பிராஞ்சுக்குள்ளோ மொத்தமாக மெர்ஜ் செய்யாதீர்கள். இரண்டாவதைச் செய்த ஒருவர், ஒரு வரித் திருத்தத்தோடு பாதி முடிந்த மூன்று அம்சங்களையும் சேர்த்துக் கொண்டுவந்தார். நல்லவேளை, டேக் போடும் முன் பார்த்தோம்.

11. போனதைத் திரும்பப் பெறுவது

ஆலையில் ஓடும் பதிப்பு சரியில்லை என்றால், முதல் வேலை முந்தைய டேக்கின் கோப்பை மறுபடி நிறுவுவது. நிரலைத் திருத்துவது அதற்குப் பிறகு. வாசலில் வண்டி நிற்கும்போது பிழையைத் தேட உட்காராதீர்கள். எட்டாம் படியும் ஒன்பதாம் படியும் சரியாக இருந்தால் இது சில நிமிட வேலை.

மெயினில் போன மாற்றத்தை நீக்க 'ரிவர்ட்' (அதை நேர்மாறாக்கும் புதிய கமிட்) செய்யுங்கள், வரலாற்றை அழித்து ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள். ஸ்குவாஷ் செய்யாமல் மெர்ஜ் கமிட் வைத்திருக்கும் குழுக்களுக்கு ஒரு குறிப்பு: மெர்ஜ் கமிட்டை ரிவர்ட் செய்தபின், திருத்திய அதே பிராஞ்சை மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் திரும்பி வராது. அவை ஏற்கெனவே சேர்ந்தவை என்று கிட் கருதும், புதிய கமிட்டுகள் மட்டும் வரும். முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, அப்புறம் மெர்ஜ் செய்யுங்கள்.

12. சீசன் முடிந்ததும்

ஆகஸ்டில் ஆலைகள் அடங்கியதும் ஒரு நாள் ஒதுக்குகிறோம். அன்று ரிலீஸ் பிராஞ்சில் உள்ள கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மெயினில் அதற்கு இணை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லாதவற்றைச் சேர்த்த பிறகு பிராஞ்சை அழிக்கலாம், டேக் இருக்கும்வரை அந்தக் கமிட்டுகள் எங்கும் போகாது. நாலாம் படியில் வைத்த சுவிட்சுகளில் இயக்கி முடித்தவற்றையும் அன்றே நீக்கிவிடுங்கள். எங்கள் 'தவணைப் பட்டுவாடா' சுவிட்சை நீக்க மறந்திருந்தோம். புதிதாகச் சேர்ந்தவர் அதை அணைத்துப் பார்த்து, திரையைக் காணோம் என்று அரை நாள் தேடினார்.